கயிறு பிடிக்கிறவளுக்கும் ஒரு பங்கு

என் வயசுக்காரர்களே, நாம் ஏழாம் வகுப்பு முடித்த அந்த விடுமுறையில் அடித்த கச்சான் காற்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வாயைத் திறந்தால் பல்லில் மணல் நறநறக்கும். துறைமுகப் பக்கமிருந்து கரித்தூளும் உப்பளப் பக்கமிருந்து உப்புத்தூளும் சேர்ந்து பறந்து வந்து, காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் சாம்பல் நிறமாகத் திரும்பிவரும். நீங்கள் அப்போது கிரிக்கெட் ஆடியிருப்பீர்கள், பம்பரம் விட்டிருப்பீர்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் பெரியம்மா வீட்டுப் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு பூதத்தின் முதுகுப் பக்கம் போய் நிற்பது நியாயமா அநியாயமா என்று தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

தொண்டை கிழிய என்றால் மற்ற மூன்று பேர். எனக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

நம் வகுப்பு டீச்சர் காலையில் பெயர் கூப்பிடுவார் அல்லவா, நான் சொல்கிற "உள்ளேன் டீச்சர்" முன் பெஞ்சைக்கூடத் தாண்டாது. அவர் தலையைத் தூக்காமல் நான் வரவில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். நான் அங்கேயே, இரண்டாவது வரிசையில், சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். வருஷக் கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளைய ஒழுங்கா அனுப்புங்க, பாதி நாளு வரவே மாட்டேங்கா" என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து, "எங்கன ஊர் சுத்தின? சொல்லு" என்று கேட்டாள். அதற்கும் எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததால் நான் ஊர் சுற்றியதாகவே முடிவாயிற்று. பெரியம்மா மட்டும், "விடு, அது வாயில்லாப் பூச்சி" என்றாள். அது எனக்காகப் பேசியதா, என்னைப் பேசியதா என்று இப்போதும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா கப்பலிலிருந்து விடுப்பில் வந்தார். அம்மாவின் தம்பி. சரக்குக் கப்பலில் வேலை. மற்ற மாமாக்கள் பவுடர் டப்பா, சட்டைத் துணி என்று கொண்டுவருவார்கள். எங்கள் மாமா அந்த முறை ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். கப்பலில் இருந்த ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரர் வேலை முடிந்து இறங்கும்போது விட்டுப் போனதாம். மூடியில் நெருப்புக் கக்குகிற ஒரு பல்லிப் பூதம். திறந்தால் டீசல் வாசனை. உள்ளே ஒரு ஆங்கிலப் புத்தகமும், விதவிதமான முகங்கள் வைத்த பகடைகளும் இருந்தன. இருபது முகம் உள்ளது ஒன்று, பச்சை நிறம், ஓரம் எல்லாம் தேய்ந்து உருண்டையாகிப் போனது. அதை நாங்கள் நெல்லிக்காய் என்றோம்.

புத்தகத்தைப் படித்தது பெரியம்மா மகன், அண்ணன். இங்கிலீஷ் மீடியத்தில் பத்தாவது எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொன்னான். விளையாட்டு இதுதான்: ஒருவர் கதை சொல்லி நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அந்தக் கதைக்குள் போவார்கள். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பூதத்தை வெட்டினால் வெட்டு விழுந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். கதை நடத்துகிறவருக்கு ஆங்கிலத்தில் என்னவோ பெயர் போட்டிருந்தது. அண்ணன், "அதெல்லாம் வேண்டாம், நான் தண்டல்" என்றான். தோணியை ஓட்டுகிற தலைவரைத்தான் நம் ஊரில் தண்டல் என்பார்கள். எங்களுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

மற்ற இருவரில் ஒருத்தி என் சிநேகிதி, உப்பள மேஸ்திரி மகள். மாப்பிள்ளையூரணியிலிருந்து அவள் அப்பாவின் பெரிய சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டி வருவாள். கதையில் அவள் திருடி. கையில் சிறு கத்தி. இன்னொருவன் மக்ரூன் கடைக்காரர் மகன். அவன் வாள்வீரன். வேறென்ன ஆவான்? தினமும் உடைந்த மக்ரூன்களை ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வருவான். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் கலந்த அந்த வாசனை வந்தால் அவன் தெருமுனை திரும்பிவிட்டான் என்று அர்த்தம். முழு மக்ரூன் விற்பனைக்கு, உடைந்தது எங்களுக்கு.

நான் வில்லாளி. தூரத்தில் நின்று அம்பு விடுகிறவள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் எப்படியும் பின்னால்தான் நிற்பேன் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. "வில்லாளி என்ன சொல்லுதா?" என்று அண்ணன் கேட்டால் எனக்குப் பேச்சு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. இருந்தாலும் வந்தது. அது நான் இல்லை, வில்லாளி. வில்லாளிக்குக் கூச்சம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பேசியதைவிட அந்த முதல் வாரத்தில் நான் அதிகம் பேசியிருப்பேன். காலையில் கண் விழித்ததும் அதே நினைப்பு. எப்போது வெயில் சாயும், எப்போது பெரியம்மா வீட்டுக்கு ஓடலாம்!

பெரியம்மா வீட்டுத் தரை ஞாபகம் இருக்கிறதா? உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பழைய காலத்துத் தரைக்கல். கால் வைத்தால் ஜில்லென்று இருக்கும். அந்தக் கட்டங்கள்தான் எங்கள் போர்க்களம். வாள்வீரன் ஒரு முள்சங்கு. திருடி ஒரு சோழி. நான் நகம் அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு சிப்பி. பூதங்கள் எல்லாம் சோடா மூடிகள். அண்ணன் கதையைப் புத்தகத்தில் இருந்த கோட்டைக்குள் வைக்காமல் கொற்கைக்கு இழுத்து வந்துவிட்டான். கடல் ஒதுங்கிப் போய் இப்போது வயலாகக் கிடக்கிற கொற்கைக்கு அடியில் பழைய முத்துக் கடைத்தெரு அப்படியே மூழ்கிக் கிடக்கிறது, அதற்குள் பத்துக் கைக் கணவாய் மீன் உருவத்தில் கணவாய் அரசன் என்று ஒருவன் குடியிருக்கிறான் என்று அவன் சொன்னபோது எங்களுக்கு மயிர் கூச்செறிந்தது. பேருந்தில் போகிற ஊருக்கு அடியிலேயே!

சரி, சிக்கலுக்கு வருகிறேன். சண்டையில் யார் எங்கே நிற்பது, நின்றால் என்ன பலன் என்கிற பாடம் மட்டும் புத்தகத்தில் கடல்தண்ணீர் பட்டு ஒட்டிப்போய் இருந்தது. பிரித்தால் மை முழுக்க நீலக் கறை. ஒரே ஒரு வரிதான் தேறியது: எதிரிக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றால் அடிக்கிறவர்களுக்கு அனுகூலம் உண்டு. எவ்வளவு அனுகூலம் என்பது கறைக்குள் போய்விட்டது.

"நெல்லிக்காயில விழுந்ததோட அஞ்சு சேத்துக்கிடலாம்," என்றான் அண்ணன்.

அஞ்சு! அவ்வளவுதான், விளையாட்டு தலைகீழாயிற்று. எந்தப் பூதம் வந்தாலும் முள்சங்கு இந்தப் பக்கம், சோழி அந்தப் பக்கம். வெட்டு, குத்து, தீர்ந்தது. என் அம்புக்கு வேலையே இல்லை. அண்ணன் ரோஷப்பட்டு, "அப்ப பூதங்களும் உங்கள அதே மாதிரி வளைக்கும்" என்றான். வாள்வீரனுக்குப் பின்னால் ஒரு மூடி, அந்த மூடிக்குப் பின்னால் திருடி, அவளுக்குப் பின்னால் இன்னொரு மூடி, அதற்குப் பின்னால் போய் நில் என்று என்னையும் நிறுத்தினார்கள். எல்லாரும் எல்லாரையும் வளைத்தாயிற்று, எல்லாருக்கும் அஞ்சு! வரிசை பட்டாசாலையைத் தாண்டி அடுப்படி வாசல் வரைக்கும் போய்விட்டது. பெரியம்மா சோற்றுப் பானையோடு வந்தவள் நின்றாள்.

"ஏலே, என்னல இது? சப்பரம் போற மாதிரி வரிசை?"

"சண்டைம்மா. தாண்டி வாங்க."

"சண்டையா? இவ்வளவு அடக்கமா நிக்காவ?"

சொல்லிக்கொண்டே ஒரு மூடியை மிதித்து, "மாதாவே!" என்று ஒற்றைக் காலில் ஆடினாள். கஞ்சித் தண்ணீர் தெறித்து இரண்டு பூதம் நனைந்தது.

பெரியம்மாவுக்கு எங்கள் விளையாட்டே பிடிக்கவில்லை. பகடை உருளும் சத்தம் கேட்டால் முகம் மாறிவிடும். ஒரு நாள் நெல்லிக்காயைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினோம். மத்தியானம் மாமா மீனுக்கு உப்புப் போதவில்லை என்று சாடிக்குள் கையை விட்டார், வெளியே எடுத்தால் நெல்லிக்காய்.

"அக்கா, இது என்ன உப்புக் கட்டியா?"

"சூதாட்டக் காயை வேற எங்கன வைக்கச் சொல்லுத? என் வீட்டுல சூது வேண்டாம்."

"இதுல யாரும் எதையும் வச்சு ஆடலக்கா. சும்மா கதை. பூதம், கீதம்."

"எல்லாம் சும்மாத்தான் தொடங்கும்," என்றாள் பெரியம்மா.

அவளை அன்றைக்கு நாங்கள் பூதங்களோடு சேர்த்துவிட்டோம். பெரியப்பா சீட்டாட்டம் முடிந்து வருகிற நாட்களில் அந்த வீட்டில் ஏன் யாரும் சாப்பிடுவதில்லை என்று யோசிக்க எனக்கு இன்னும் இருபது வருஷம் வேண்டியிருந்தது. அவளும் பாவம், எங்களைத் தவறாக நினைத்தாள். நாங்களும் அவளைத் தவறாக நினைத்தோம். நெல்லிக்காய் மட்டும் உப்பில் ஊறி முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது.

அண்ணன் அஞ்சை ரத்து செய்தான். வளைத்தாலும் ஒன்றும் கிடையாது. உடனே ஒருவரும் இடம் மாறுவதையே நிறுத்திவிட்டார்கள். மாறி என்ன ஆகப் போகிறது? முள்சங்கு நின்ற இடத்திலேயே நின்று அடித்தது, மூடியும் நின்ற இடத்திலேயே திருப்பி அடித்தது. "உப்பு மூட்டைய அடுக்கி வச்ச மாதிரில்லா இருக்கு," என்றாள் சிநேகிதி. பிறகு அஞ்சை ஒன்றாக்கிப் பார்த்தான். ஒன்றுக்கு யார் மெனக்கெடுவார்கள்? மூன்றாக்கினான். மறுபடியும் சப்பரம். கூட்டினால் அதுதான் எல்லாம், குறைத்தால் ஒன்றுமே இல்லை. வாள்வீரன் கொட்டாவி விட ஆரம்பித்தான். அண்ணன் புத்தகத்தைப் படாரென்று மூடினான்.

"இது தேறாது. போங்க, போய்க் கிரிக்கெட் ஆடுங்க."

மாமா கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நான் ஞாயித்துக்கிழமை கிளம்புதேன். விளையாடலைன்னா பெட்டியக் குடுத்திருங்க. கொச்சில என் கூட்டாளிக்குப் பிள்ளைக இருக்கு, அதுகளாவது ஆடும்."

"எடுத்துக்கிடுங்க மாமா," என்றான் அண்ணன். "சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள யாராவது சரியான விதி சொன்னா பெட்டி இங்கன இருக்கட்டும்."

மற்றவர்களுக்குப் போவது ஒரு பெட்டி. எனக்குப் போவது வில்லாளி. அவள் கொச்சிக்குப் போய்விட்டால் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் அந்தச் சன்னலோரத்தில் ஆளே இல்லாதது போல ஆகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அப்பாவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு கரைக்குப் போனேன். அப்பா சங்கு குளிக்கிறவர். அப்போதே கம்ப்ரஸர் வந்துவிட்டது. வள்ளத்தில் மோட்டார் ஓடும், குழாய் வழியாகக் கீழே காற்றுப் போகும். இருந்தாலும் இடுப்பில் ஒரு கயிறு உண்டு. அந்தக் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருப்பார். அதை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். மச்சான் முறை உள்ளவர்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலிக்கு ஆபத்து என்றால் எந்தத் தம்பியும் தூங்க மாட்டான், அதனால். மாமா விடுப்பில் வந்தால் அந்தக் கயிறு மாமா கைக்குத்தான் வரும். அப்பா கீழிருந்து ஒரு தரம் இழுத்தால் "இருக்கியா?" என்று அர்த்தம். மாமா மேலிருந்து ஒரு தரம் இழுத்தால் "இருக்கேன்."

அன்றைக்குக் கரையில் சங்குகளைக் கூறு கூறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இளவட்டம் ஒருவன், "அண்ணாச்சி, நாங்க கீழ மூச்சு முட்ட அலைஞ்சோம். மேல உக்காந்து வந்தவருக்கும் அதே பங்கா?" என்று மாமாவைக் காட்டிக் கேட்டான்.

மாமா பீடி பற்ற வைத்துக்கொண்டே சிரித்தார். அப்பா சங்கைப் பிரிப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"இப்ப பீடி குடிக்காவுல்லா? நாம கீழ கெடக்கும்போது குடிக்கல. அதுக்குத்தான் பங்கு."

தூக்குவாளியை மணலிலேயே வைத்துவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று கழன்றது, அதையும் விட்டுவிட்டேன். ஓட ஓட எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வளைக்கப் போகிறவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஆழத்துக்குள் போகிறவன். அவன் சும்மா போகக் கூடாது! மேலே ஒருத்தி கயிறு பிடித்தால்தான் போகலாம். பிடிக்கிறவள் அம்பு விடக் கூடாது. பீடி குடிக்கக் கூடாது!

பட்டாசாலையில் மூன்று பேரும் இருந்தார்கள். மூச்சிரைக்கப் போய் நின்றேன். வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. நான் நானாக இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

"என்னளா, நாய் விரட்டுச்சா?" என்றான் வாள்வீரன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, "வில்லாளி என்ன சொல்லுதா?" என்றான்.

வந்துவிட்டது. கொட்டிவிட்டேன். வளைக்க வேண்டுமானால் மூன்றாவதாக ஒருவர் வேண்டும். அவர் அந்த முறை அடிக்கக் கூடாது, கயிறு பிடிக்க வேண்டும். பிடித்தால் அஞ்சு உண்டு. பிடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. கயிறு அறுந்தால் உள்ளே போனவன் மாட்டிக்கொள்வான். பூதம் செத்தால் கயிறு பிடித்தவருக்கும் சமமான பங்கு.

"சும்மா நிக்கிறவளுக்கு எதுக்குப் பங்கு?" என்றான் வாள்வீரன்.

"சும்மா நிக்கல. பீடி குடிக்காம நிக்கா," என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அப்படின்னா பூதம் முதல்ல கயிறு பிடிக்கிறவ மேலதான் பாயும்."

"ஆமா."

"அப்ப அவளுக்குக் காவல் நிக்க ஆள் வேணும். அப்ப வளைக்க ஆள் குறையும்." அவன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "ஏளா... இது வேற மாதிரி இருக்கே!"

அதற்குப் பிறகு இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு தண்ணி இல்லை. ஒரு ஆள் எத்தனை கயிறு பிடிக்கலாம் என்று சிநேகிதி கேட்டாள். கைக்கு ஒன்று, இரண்டு என்று முடிவாயிற்று. கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்டு, வலை பின்னுகிற நீல நைலான் நூலில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தாள். தரையில் நூலை விரித்தே பார்த்தோம். நூல் மேல் பூதம் வந்து நின்றால் கயிறு அறுந்தது என்று வைத்தோம். அப்படி வைத்ததும் தரை முழுக்க உயிர் வந்துவிட்டது! ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மதிப்பு. இந்தக் கறுப்புக் கட்டத்தில் நின்றால் நூல் மறைவாகப் போகும், அந்த வெள்ளையில் நின்றால் மூடி குறுக்கே வரும். வாள்வீரன் நூலைச் சுற்றிச் சுற்றி ஓடி ஏமாற்றப் பார்த்தான்; நூல் வளையக் கூடாது, நேராகத்தான் போக வேண்டும் என்று சேர்த்தோம். அஞ்சு ரொம்ப அதிகம் என்று நாலாக்கினோம், நாலு சப்பென்று இருந்தது, திரும்ப அஞ்சாக்கினோம். ஒவ்வொன்றையும் சண்டை போட்டுப் பார்த்தோம். தோற்றோம், ஜெயித்தோம், மறுபடியும் நூலை விரித்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வாள்வீரன் கொட்டாவி விடவே இல்லை.

கடைசியில் அண்ணன்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தான்.

"உள்ள போனவனுக்கு மேல ஆள் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நூலை இழுக்கலாம்," என்றாள் சிநேகிதி. இழுத்தாள். சோழி கவிழ்ந்தது, முள்சங்கு உருண்டது.

"இழுக்க முடியாது. கூப்பிடணும்," என்றான் அண்ணன். "ஒவ்வொரு முறையும் 'இருக்கேன்'னு சத்தமாச் சொல்லணும். எதிர்ப்பக்கம் நிக்கவனுக்குக் கேக்கணும். கேக்கலைன்னா கயிறு இல்ல."

"யாரு? இவளா?" வாள்வீரன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏலே, அப்ப நான் செத்தேன்!"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். விதி சரிதான். அது இல்லாவிட்டால் கயிறு பிடிப்பது ரொம்பச் சுலபமாகிவிடும். என் விதிக்கு நானே சரி என்று தலையாட்டினேன். அன்று இரவு தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு "இருக்கேன்" சொல்லிப் பார்த்தேன். தலையணைக்கே கேட்டிருக்காது.

சனிக்கிழமை வந்தது. கொற்கைக்கு அடியில் கணவாய் அரசன். ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து நடுவில் வைத்திருந்தான் அண்ணன், சுற்றிலும் கைகளாகச் சோடா மூடிகள். அன்றைக்குக் கச்சான் காற்று பைத்தியம் பிடித்த மாதிரி அடித்தது. சன்னல் கதவுகள் டப் டப்பென்று மோதின. ஓட்டின் மேல் மணல் விழும் சத்தம். வாள்வீரன் பட்டாசாலையின் அந்தக் கோடியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும். என் குரல் அவன் காதில் விழுந்தால்தான் கயிறு. அப்படித்தான் ஏற்பாடு.

முதல் முறை சொன்னேன். "கேக்கல," என்றான். அவன் வெட்டு வீணாயிற்று. ஒரு மூடி நகர்ந்து திருடியின் நூல் மேல் உட்கார்ந்தது. கயிறு அறுந்து, சோழியைக் கணவாய் பிடித்துக்கொண்டது; அந்தப் பக்கம் நிற்பது கணக்கில் வரும், குத்த மட்டும் முடியாது. சிநேகிதி தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "என்னமோ கேட்ட மாதிரி இருக்கு," என்றான் பாவம், பாதி இரக்கத்தில். அண்ணன் ஏற்றுக்கொண்டான். வெட்டு விழுந்தது. ஆனால் கணவாய் சாகவில்லை. ஒரு மூடி நேராக என் சிப்பிக்கு வந்து ஒரு அடி கொடுத்தது. இன்னொரு அடி விழுந்தால் நான் இல்லை.

அப்போது கவனித்தேன், வாசலில் கூட்டம். எங்கள் சத்தம் கேட்டுப் பெரியம்மா கரண்டியோடு நின்றாள். பக்கத்தில் அம்மா. கரையிலிருந்து திரும்பிய அப்பாவும் மாமாவும்.

"கணவாய் உன் பக்கம் திரும்புது," என்றான் அண்ணன், தண்டல் குரலில். "உன் கையில வில் இருக்கு. கயிற்ற விட்டா அம்பு விட்டுத் தப்பிச்சுக்கிடலாம். ஆனா உள்ள இருக்கவன் போய்ச் சேந்தான். பிடிச்சா அவனுக்கு இன்னொரு வெட்டு இருக்கு, கூட்டிப் பதினெட்டு வந்தா கணவாய் தீந்தான். என்ன செய்யுத?"

வாள்வீரன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. சட்டை வேர்வையில் ஒட்டி, தோள் இரண்டும் காதை நோக்கித் தூக்கியபடி. அந்த முதுகு காத்துக்கொண்டிருந்தது. கீழே ஆழத்தில் ஒருத்தன் ஒரு தரம் இழுத்துவிட்டான், மேலிருந்து பதில் வர வேண்டும்.

"இருக்கேன்!"

சன்னல் சத்தம், மணல் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அது போயிற்று. எனக்கே திடுக்கென்றது. பெரியம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அடுப்படியிலிருந்த பூனை வெளியே ஓடியது.

"கேட்டுட்டு! கேட்டுட்டுலே!" என்று வாள்வீரன் துள்ளித் திரும்பி நெல்லிக்காயை எறிந்தான். அது தரை நடுவில் நிற்காமல் உருண்டு உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. தொடக் கூடாது, தொட்டால் செல்லாது. நாலு பேரும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தோம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. மாமா டார்ச் லைட்டை எடுத்து வந்து தானும் படுத்தார்.

"பதினாலு," என்றார் மாமா.

"அஞ்சு சேத்தா?" இது அப்பா. அவரும் குனிந்திருந்தார்.

"பத்தொம்பது! செத்தான்! கணவாய் செத்தான்!"

என்ன கூச்சல்! சிநேகிதி என்னைக் கட்டிக்கொண்டாள். சிரட்டையை யாரோ உதைத்தார்கள், அது அடுப்படி வரைக்கும் போயிற்று. அம்மா மட்டும் வாசலிலேயே நின்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு யாரோ வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல.

மாமா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "மச்சான், நான் நாளைக்குக் கிளம்புதேன். கவலைப்படாதீரும், உமக்குக் கயிறு பிடிக்க இங்கனயே ஒரு ஆள் இருக்கு," என்று அப்பாவிடம் சொன்னார். பெட்டியைப் பற்றி அவர் பேசவே இல்லை. மறுநாள் அவர் பை மட்டும்தான் போயிற்று.

வாள்வீரன் கிளம்பும்போது பங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொட்டலத்தின் அடியில் கையை விட்டு ஒரு மக்ரூனை எடுத்து என் கையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். உடையாத மக்ரூன். கூர் நுனிகூட முறியவில்லை. கடையில் தெரியாமல் எடுத்திருப்பான்.

பெரியம்மா வீடு கைமாறி இடித்தாயிற்று. அந்தத் தரைக்கற்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. நெல்லிக்காயும் எத்தனையோ வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. இந்த மே மாதம் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து கூட்டாளிகளோடு வந்து, சாப்பாட்டு மேஜையில் இதே மாதிரி ஒரு விளையாட்டை விரித்தான். இரண்டு பக்கம் வளைத்தால் எவ்வளவு கூட்டுவது என்று அவர்களும் சண்டை. கூட்டினால் அதுதான் எல்லாம், குறைத்தால் ஒன்றுமே இல்லை என்று அதே பேச்சு! காப்பித் தட்டோடு நின்றிருந்த நான், தட்டை வைத்துவிட்டு, "நூல் இருக்கா?" என்று கேட்டேன். அன்று காப்பி ஆறிப்போயிற்று. யாரும் குடிக்கவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதற்கும் முந்தியது. அந்த ஜூன் மாதம், எட்டாம் வகுப்பு, முதல் நாள். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். அதே டீச்சர்தான் நம்மோடு மேலே வந்தார். தலையைக் குனிந்துகொண்டு பெயர் கூப்பிட்டார். என் பெயர் வந்தது. நான் சுவரைப் பார்த்துக் காத்திருந்த அந்த முதுகை நினைத்துக்கொண்டேன்.

"உள்ளேன் டீச்சர்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் பேனாவை வைத்துவிட்டுத் தலையைத் தூக்கினார். சன்னலோரம் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

"புதுசா சேந்த பிள்ளையா?"

"இல்ல டீச்சர்," என்றேன். "போன வருஷமும் இங்கனதான் இருந்தேன்."